வந்த பிள்ளைகளை விரட்டலாமா?

2019 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஸ்காட் கவுன்டி பள்ளிகள் கோடை விடுமுறை முடிந்து திறந்தன. அதே நாள் குடியேற்றத் துறையினர் அங்குள்ள மார்ட்டன் உள்ளிட்ட ஊர்களின் கோழி இறைச்சி ஆலைகளில் புகுந்து 680 தொழிலாளர்களைப் பிடித்துச் சென்றனர். மாலையில் அழைத்துப்போக ஆளில்லாமல் தவித்த பிள்ளைகளை, ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் உள்ள ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் வைத்து அக்கம்பக்கத்தார்தான் உணவு கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தப் பிள்ளைகளை அங்கு வரவழைத்தது ஆலைகள்தான். உள்ளூர்க்காரர்கள் செய்யத் தயங்கிய வெட்டும் வேலைக்கு மெக்சிகோ, குவாத்தமாலா குடும்பங்கள் வந்தன. அமெரிக்க அரசுப் பள்ளிகளில் 2012-இல் 24 சதவீதமாக இருந்த ஹிஸ்பானிய (ஸ்பானிஷ் மொழி பேசும் நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்ட) மாணவர் பங்கு, 2022-இல் 29 சதவீதமானது. கிராமப்புறத்தில் இந்த வளர்ச்சிக்குத் தனி மதிப்பு உண்டு. இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட, பிறப்பும் குறைய, வகுப்புகள் காலியாகிவந்த ஊர்கள் அவை. இறைச்சி ஆலைகளை நம்பி வாழும் அயோவாவின் ஸ்டார்ம் லேக்கில் இன்று மாணவர்களில் பெரும்பான்மையினர் ஹிஸ்பானியர்களே. அவர்கள் வராதிருந்தால் அங்கே வகுப்பறைகள் வெறிச்சோடியிருக்கும்.

இவர்களால் செலவு கூடுகிறது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். ஆங்கிலம் கற்றுத்தரத் தனி ஆசிரியர் வேண்டும் என்பது உண்மையே. ஆனால், மாநில அரசின் நிதி பெரும்பாலும் தலைக்கணக்கில் வருகிறது. டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் அன்றாட வருகையைப் பார்த்தே தருகிறார்கள். ஒரு பிள்ளை பயந்து வீட்டில் இருந்தால், பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைக்கான பணமும் சேர்ந்தே குறைகிறது. அலபாமாவின் ரசல்வில்லில் கொரோனா கால உதவி நிதியைக் கொண்டு ஸ்பானிஷ் தெரிந்த உதவியாளர்களைத் தொடக்கப் பள்ளி வகுப்புகளில் அமர்த்தினார்கள். செய்ய வேண்டியது இதுதான். அந்த நிதியோ தற்காலிகமானதாகவே இருந்தது.

அச்சம் என்ன செய்யும் என்பதற்கும் அலபாமாவே சாட்சி. புதிதாகச் சேரும் மாணவரின் குடியேற்ற நிலையை விசாரிக்கச் சொன்ன 2011-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் ஹிஸ்பானியப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பள்ளிக்கு வராமல் நின்றார்கள். அவர்களில் மிகப் பலர் அமெரிக்க மண்ணில் பிறந்த குடிமக்கள். பிறகு நீதிமன்றம் அந்தப் பிரிவைத் தடுத்தது.

ஆவணம் இல்லாத குழந்தைக்கும் இலவசக் கல்வி மறுக்கக் கூடாது என்று 1982-இல், டெக்சாஸின் டைலர் நகர வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைக் கரைக்கும் வேலை இப்போது தொடங்கிவிட்டது. பள்ளிகளில் கைது நடவடிக்கையைத் தவிர்க்கும் வழிகாட்டுதலை 2025 ஜனவரியில் டிரம்ப் அரசு விலக்கிக்கொண்டது. ஆவணமற்ற பிள்ளைகளைச் சேர்க்க மறுக்கவோ, கட்டணம் கேட்கவோ வழிசெய்யும் மசோதாவை டென்னசி செனட் நிறைவேற்றியது.

இரண்டும் தவறு. பெற்றோரின் ஆவணத்துக்கு ஆறு வயதுக் குழந்தை பொறுப்பாளி அல்ல. உழைப்பு வேண்டும், உழைப்பவனின் பிள்ளை வேண்டாம் என்பது எந்த நியாயத்திலும் சேராது. பள்ளிகளுக்கான பாதுகாப்பை வாஷிங்டன் உடனே திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆங்கிலம் கற்பிக்கும் நிதியை நிரந்தரமாக்க வேண்டும். 1982 தீர்ப்பில் எந்த மாநிலமும் கைவைக்கக் கூடாது.