குறி தனி, கல்வி பொது

போட்டி உள்ள இடத்தில் ஒளிவு மறைவும் இருக்கத்தான் செய்யும் என்பது உலகத்தார் பலர் கொண்டுள்ள அபிப்பிராயம். வியாபாரி தன் கொள்முதல் விலையை அயலானிடம் சொல்வதில்லை. சாயம் தோய்ப்பவர் தம் கலவையின் அளவை மகனுக்கன்றிப் பிறருக்கு உரைப்பதில்லை. நல்ல விளைச்சல் கண்ட குடியானவரும் விதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார். "சொல்லிக் கொடுத்தால் நம் பிழைப்புப் போய்விடும்" என்ற அச்சமே இவற்றுக்கெல்லாம் காரணம். இந்த அச்சம் நியாயமானதா என்பதை ஆராயவே இக்கட்டுரையை எழுதுகிறோம். ஆராய்ச்சிக்கு நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் தறியிலிருந்தும் வயலிலிருந்தும் சற்றுத் தொலைவில் உள்ளது. அது துப்பாக்கியால் குறி பார்த்துச் சுடும் விளையாட்டு.

நெசவாளருக்கும் பயிரிடுவோருக்கும் துப்பாக்கியோடு என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் வினவலாம். புதுக்கோட்டைச் சீமையில் வாழும் நமக்கு இரண்டு விதமான சம்பந்தம் உண்டு; ஒன்று பெருமைக்குரியது, மற்றொன்று துயரத்துக்குரியது. இரண்டையும் முறையே கூறுவோம்.

முதலில் இவ்விளையாட்டின் தன்மையை அறிந்துகொள்வது நலம். பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் இலக்கின் நடுவே உள்ள பத்தாம் புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். சுடும் ஈயக் குண்டின் குறுக்களவோ நாலரை மில்லிமீட்டர். குண்டைவிடச் சிறிய புள்ளியைக் குண்டால் தொடவேண்டும்! மூச்சு ஒன்று மிகுந்தாலும், விசையை அழுத்தும் விரல் சிறிது பதறினாலும் குறி தவறும். சுடுபவருக்கு அத்தருணத்தில் துணை ஒருவருமில்லை. தனியே நின்று, தனியே சுட்டு, தம் எண்ணிக்கையைத் தாமே ஏற்கவேண்டிய விளையாட்டு இது. இத்தகைய துறையில் ஒவ்வொருவரும் தம் நுட்பத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்வர் என்றே நாம் எதிர்பார்ப்போம். நடைமுறையோ பெரும்பாலும் இதற்கு மாறாக இருக்கிறது.

சுடுதளத்தில் புதிதாக வந்து நிற்பவனுக்குப் பழகியவர்கள் வலியச் சென்று கற்பிக்கிறார்கள். கால்களை எப்படி ஊன்றுவது, தோளில் கட்டையை எங்கே பொருத்துவது, குண்டில்லாமலே விசையை அழுத்தி வீட்டில் எப்படிப் பழகுவது, ஐம்பது மீட்டர்த் தளத்தில் காற்றுக் கொடி அசைவதைக் கண்டு எவ்வளவு விலக்கிக் குறிவைப்பது என்பனவெல்லாம் வாய்மொழியாகவே கைமாறுகின்றன. கற்பவன் அடுத்த ஆண்டுப் போட்டியில் தமக்கு எதிராகவே நிற்கக்கூடும் என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர்; அறிந்தே கொடுக்கிறார்கள்.

உலக அரங்கிலும் இப்பண்புக்குச் சான்றுகள் உள்ளன. 1976-ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக் பந்தயத்தில், மூன்று நிலைகளில் நின்றும் மண்டியிட்டும் படுத்தும் சுடும் ரைபிள் போட்டியில் லானி பாஷம் என்பவரும் மார்கரெட் மர்டாக் என்ற அம்மையாரும் ஒரே எண்ணிக்கையாக 1162 பெற்றனர். இருவரும் அமெரிக்கர். விதிப்படி கடைசிச் சுற்றுக்களை ஒப்பிட்டுப் பாஷமுக்குத் தங்கமும் மர்டாக்குக்கு வெள்ளியும் அளித்தனர். நாட்டுப் பண் ஒலித்தபோது பாஷம் அந்த அம்மையாரைத் தம் உயர்ந்த படியிலேயே ஏற்றித் தம்மருகில் நிற்கச் செய்தார். பின்னர் அவர் தாம் பயின்ற மனப்பயிற்சி முறையை நூலாக எழுதி, வேண்டியோர் அனைவருக்கும் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டார்.

2004-இல் ஏதென்ஸ் பந்தயத்துக்குமுன் மாத்யூ எம்மன்ஸ் என்ற வீரரின் ரைபிளை யாரோ சேதப்படுத்திவிட்டனர். அவருடைய கல்லூரித் தோழியான ஆம்பர் டார்லண்ட் என்ற வீராங்கனை தம் ரைபிளை அவருக்குக் கொடுத்தார். அந்த இரவல் துப்பாக்கியைக் கொண்டே எம்மன்ஸ் படுத்துச் சுடும் போட்டியில் தங்கம் வென்றார். ஒருவர் உடலுக்கென்று அளந்து பொருத்திய துப்பாக்கியைப் பிறருக்குக் கொடுப்பது, தறிக்காரர் ஒருவர் தாம் பழகிய தறியையே அயலாருக்கு விட்டுக்கொடுப்பதற்கு நிகராகும்.

2008-இல் பெய்ஜிங் பந்தயம் நடந்துகொண்டிருந்தபோது ருஷ்யாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் யுத்தம் மூண்டிருந்தது. அந்நாட்களில் ஏர் பிஸ்டல் போட்டியில் ருஷ்யாவின் நடாலியா பாதெரினா வெள்ளியும், ஜார்ஜியாவின் நீனோ சலுக்வாட்ஸே வெண்கலமும் பெற்றனர். இருவரும் மேடையில் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். களத்தில் துப்பாக்கிகள் பகைமை பேசிய நேரத்தில், பந்தயத்தில் துப்பாக்கி பிடித்த கைகள் நட்புப் பேசின.

அதே பெய்ஜிங்கில்தான் அபினவ் பிந்த்ரா ஏர் ரைபிள் போட்டியில் 700.5 எண்ணிக்கை பெற்று, இந்தியர் ஒருவர் தனித்து வென்ற முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொணர்ந்தார். அவருக்குப் பயிற்சியளித்தவர்களுள் சுவிட்சர்லாந்தின் முன்னாள் வீராங்கனையான கேப்ரியேல் பூல்மன் ஒருவர். அந்நிய நாட்டார் தாம் தேடிய கல்வியை நம் நாட்டு இளைஞருக்கு அளித்தனர். நம்மவரும் அதனைப் பெறத் தயங்கவில்லை. பிந்த்ராவோடு ஒரே போட்டியில் நின்ற ககன் நாரங், தாம் இன்னும் பந்தயங்களில் கலந்துகொண்டிருந்த 2011-ஆம் ஆண்டிலேயே இளைஞர்களுக்கெனப் பயிற்சிக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு லண்டனில் அவர் வெண்கலம் பெற்றார். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் அக்கழகத்தின் வழியே வளர்ந்து, 2019-இல் உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார். கொடுத்ததனால் நாரங்குக்குக் குறைந்தது ஒன்றுமில்லை. தமிழ்ப் பெண் ஒருத்திக்குக் கிடைத்ததோ உலகப் புகழ்.

இனி நம் சீமையின் பெருமையைச் சொல்வோம். புதுக்கோட்டை மன்னர் மரபில் தோன்றிய பிருத்விராஜ் தொண்டைமான், வானில் எறியப்படும் தட்டுக்களைச் சுடும் டிராப் என்ற பிரிவில் வல்லவர். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்திலும் கலந்துகொண்டவர். 2023 அக்டோபர் மாதம் சீனாவின் ஹாங்சௌ நகரில் நடைபெற்ற ஆசியப் பந்தயத்தில் அவரும், கைனான் செனாய், ஜோராவர் சிங் சந்து என்ற இருவரும் சேர்ந்து குழுப் போட்டியில் தங்கம் வென்றனர். ஒவ்வொருவருக்கும் 125 தட்டுக்கள். செனாய் 122, சந்து 120, தொண்டைமான் 119. மூன்றும் கூடி 361. இந்த எண்களை நம் அங்கத்தினர்கள் ஊன்றி நோக்க வேண்டுகிறோம். தனிப் போட்டியில் இம்மூவரும் ஒருவருக்கொருவர் எதிரிகள். அதே தட்டுக்களை வைத்தே குழுப் போட்டியில் ஒருவருக்கொருவர் பங்காளிகள். தனிப் போட்டியில் செனாய் வெண்கலமும் பெற்றார். தோழனுடைய குறி ஒன்று கூடினால் தன் தனி வெற்றிக்கு இடையூறு; ஆனால் அதே குறி தன் கழுத்தில் விழும் தங்கத்துக்கு ஆதாரம். கூட்டுறவு என்றால் என்ன என்று சிறுவர்க்கு விளக்க இதனினும் தெளிவான கணக்கு நமக்குத் தெரியவில்லை.

இவர்கள் ஏன் இப்படிக் கொடுக்கிறார்கள்? மூன்று காரணங்கள் உண்டு என்று கருதுகிறோம். கல்வி கொடுக்கக் குறையாது என்பது முதலாவது. தேர்ந்த எதிரி இல்லாதவன் தானும் தேர்வதில்லை என்பது இரண்டாவது. மூன்றாவது காரணமே யாவற்றிலும் முக்கியமானது. துப்பாக்கித் தொழிலில் அறியாமை உயிரைக் கொல்லும்! அதனால்தான் புதியவனுக்குச் சொல்லும் முதற் பாடம் குறிவைப்பது பற்றியதன்று; குழலின் முனை எந்தத் திசையில் இருக்கவேண்டும், இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதே முதற் பாடம். அதை எதிரிக்குச் சொல்லாமல் மறைப்பவன் எவனும் தன் அருகில் நிற்பவனால் தானே மடியக்கூடும்.

இவ்விடத்தில் நம் சீமையின் துயரத்தை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி, அம்மாசத்திரத்தில் இருந்த மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் துப்பாக்கிப் பயிற்சித் தளத்தில் பயிற்சி நடந்தது. அருகிலுள்ள நார்த்தாமலையில் தன் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் ஒருவன் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டும், 2022 ஜனவரி 3-ஆம் தேதி அக்குழந்தை இறந்துபோனான். பயிற்சித் தளமும் மூடப்பட்டது. அது விளையாட்டு வீரர்களின் தளம் அன்று. யார் பொறுப்பு என்று தீர்ப்பதும் நம் வேலையன்று. ஆனால் அச்சம்பவம் புகட்டும் பாடம் நம் வேலைதான். சிறிய ரைபிளின் குண்டே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் செல்லவல்லது. படையினர் கையாளும் ரைபிளின் குண்டு மூன்று கிலோமீட்டரையும் கடக்கும். இந்த அறிவு சுடுபவரோடு நின்றுவிடலாகாது. மலைக்கு இப்புறம் ஆடு மேய்ப்பவருக்கும், வயலில் களை எடுப்பவருக்கும், வீட்டுக்குள் உண்ணும் குழந்தையின் பெற்றோருக்கும் அது உரியது. எங்கே சுடுதளம் அமைந்தாலும், எந்த நாளில் எத்திசை நோக்கிச் சுடப்படும், குண்டு எவ்வளவு தூரம் போகும், அதைத் தடுக்க என்ன அரண் உள்ளது என்பவற்றை ஊராருக்கு அறிவித்து, அவர்கள் கேள்விக்கு விடையளித்த பின்னரே பயிற்சி தொடங்கவேண்டும் என்று வற்புறுத்துகிறோம். வீரர்கள் தம் எதிரிக்குக் கொடுக்கும் அறிவை, எதிரியே அல்லாத ஊராருக்குக் கொடுக்க மறுப்பது எவ்விதத்தில் நியாயம்?

நம் தொழில்களிலும் இதே நிலைமைதான். பூச்சி மருந்தின் அளவை அறியாது தெளிப்பவர் தம் உடலையும் அயல் வயலின் கிணற்றையும் கெடுக்கிறார். அளவை அறிந்த அண்டை வயற்காரர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டு வாளாவிருந்தால் அவரும் அக்கேட்டில் பங்காளியே. சாயத் தொட்டியின் காரத்தால் கை புண்ணாகும் இளைஞனுக்குக் காப்பு முறையைச் சொல்லாத மூத்தவர் எந்தத் தொழில் இரகசியத்தைக் காப்பாற்றிவிட்டார்?

"சொல்லிக் கொடுத்தால் விசைத்தறிக்காரன் நம் மாதிரியைக் களவாடிவிடுகிறானே" என்று நெசவாளர் கேட்பது உண்மையே. அந்தக் கஷ்டத்தை நாம் இலேசாக எண்ணவில்லை. அதற்குப் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டிருக்கிறது. சங்கத்தின் முத்திரையும் இருக்கிறது. பெயரையும் மாதிரியையும் சட்டத்தால் காப்போம். ஆனால் பாவுக்குக் கஞ்சி எவ்வாறு இட்டால் நூல் அறாது, சாயம் எவ்வாறு தோய்த்தால் வெளுக்காது என்பவை வேறு. அவற்றை ஒரே சங்கத்து அங்கத்தினரிடமே மறைத்தால், ஒருவர் துணி வெளுத்துச் சங்கத்தின் பெயர் முழுவதும் கெடுகிறது. துப்பாக்கி வீரர் முறையைச் சொல்லித் தருகிறார். தம் கண்ணையும் கையையும் பத்தாண்டுப் பழக்கத்தையும் எவருக்கும் தந்துவிட முடியாது. நெசவாளர் கைத்திறனும் அத்தகையதே. தோழனுக்காக எந்த வீரரும் வேண்டுமென்றே குறி தவறுவதுமில்லை. அறிவைக் கொடுப்பது வேறு, தரத்தைத் தாழ்த்துவது வேறு.

பயிரிடுவோர்க்கு நல்வழி காட்டியவர் திருவாரூர் மாவட்டத்திலேயே இருந்தார். 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன், ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, வருவோர்க்குப் பாரம்பரிய விதை நெல் இரண்டு கிலோ கொடுத்தார். மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பதே நிபந்தனை. மறைத்து வைத்திருந்தால் மட்கிப்போயிருக்கும் விதைகள் பல்லாயிரம் வயல்களில் முளைத்தன.

நார்த்தாமலைக்கு இக்கொள்கை புதியதும் அன்று. நகரத்தார் மலை என்பதே நார்த்தாமலை என மருவியது என்பர். சோழர் காலத்தில் நானாதேசித் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் இங்கே சிறந்து விளங்கினர். சந்தையில் போட்டியிட்ட வணிகர்களே வழியையும் காவலையும் பொதுவாக்கிக்கொண்டதனால் கடல் கடந்தும் வாணிகம் செய்தனர். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கூட்டுறவுக் கடையைத் திறந்தவர்களுள் நெசவாளர் பலர் இருந்தனர். அவர்கள் பின்னர் இலாபத்தில் ஒரு பகுதியைக் கல்விக்கென்றே ஒதுக்கினர். 1995-இல் சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் வகுத்த ஏழு கோட்பாடுகளில் கல்வியும் பயிற்சியும் ஐந்தாவதாக நிற்கின்றன.

ஆகவே நாம் வேண்டுவது இதுதான். ஒவ்வொரு சங்கத்திலும் ஒரு குறிப்பேடு வைக்கப்பட வேண்டும். சாயத்தின் அளவு, விதையின் வரலாறு, மருந்தின் அபாயம், தவறிப்போன முயற்சி ஆகியவற்றை அங்கத்தினர் தம் பெயரிட்டு அதில் எழுதுவாராக. எழுத இயலாதவர் சொல்ல, எழுத வல்லவர் எழுதட்டும். மாதம் ஒருமுறை அதனைக் கூட்டத்தில் வாசிக்கட்டும். அபாயம் பற்றிய குறிப்பைச் சங்கத்துக்கு வெளியே உள்ளவருக்கும், முக்கியமாக அக்கம்பக்கத்தாருக்கும் தவறாது அறிவிக்கட்டும். செலவு ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலை. அதை முதலில் திறந்து தம் சாயத்தின் அளவை எழுதப் போகும் மூத்த அங்கத்தினர் யார் என்பதே இப்போதுள்ள கேள்வி.