தாரையும் வரைவிலக்கணமும்

குவாக்கை எவரும் கண்டதில்லை. கண்டது தாரையை மட்டுமே. தாரையோ விஞ்ஞானியின் வரைவிலக்கணம் ஈன்ற குழந்தை. ஆகவே பௌதிகமும் இலக்கிய விமர்சனம் போன்று ஒரு 'வாசிப்பே' என்னும் கருத்து கலைப்பீடத்தவராகிய நம்மிடையே செல்வாக்குப் பெற்று வருகின்றது. நானும் அப்பீடத்தவனே. எனினும் இதனை ஏற்க மறுக்கின்றேன்.

இதிற் பாதி உண்மை. ஜெனீவாவுக்கு அருகே, 27 கிலோமீற்றர் சுற்றளவுடைய நிலக்கீழ் வளையத்திற் புரோத்தன்கள் மோதும்போது சிதறும் குவாக்கு தனித்து வெளிவருவதில்லை. அது குளுவன்களை உமிழ்ந்து, கிளைத்து, ஈற்றில் ஒரே திசையிற் பாயும் துணிக்கைக் கூட்டமாகின்றது. அக்கூட்டமே தாரை. எத்துணிக்கை எத்தாரைக்குரியது என்பதை ஒரு கணிப்பு விதியே தீர்மானிக்கின்றது. விதி மாறின் தாரையின் எல்லையும் ஓரளவு மாறும்.

அதனால் எவ்விதியும் செல்லுமா? மிகமெலிந்த சக்தியுடைய துணிக்கையொன்று புதிதாகச் சேர்ந்தாலோ, ஒரு துணிக்கை அதே திசையில் இரண்டாகப் பிரிந்தாலோ முடிபு தடம்புரளுமெனில் அவ்விதி தகுதியற்றது. பழைய விதிகள் சில இச்சோதனையில் தோற்றுக் கைவிடப்பட்டன. (நமது விமர்சனக் கோட்பாடுகளுள் எத்தனை இவ்வாறு கைவிடப்பட்டன?)

தாரையின் உட்கட்டமைப்பை நோக்குவோம். திணிவு மிக்க குவாக்கு, தான் செல்லும் திசையை ஒட்டிய சிறு கோணத்துள் குளுவன்களை உமிழ்வது பெரிதும் ஒடுங்கும் என 1991இல் தொக்சிற்சர், கோசே, துரோயான் ஆகிய மூவர் எழுதினர். 'இறந்த கூம்பு' என்பது அதன் பெயர். அக்கோணம் குவாக்கின் திணிவைச் சக்தியால் வகுக்க வரும் அளவினது. ஆனால் பார குவாக்கைத் தாங்கிய துணிக்கை சிதையும்போது, அச்சிதைவின் விளைவுகளே கூம்பை நிரப்பி மறைத்துவிடும். 31 ஆண்டுகள் கழிந்தன. 2022இல் அலிஸ் ஆய்வுக்குழுவினர் தாரையின் கிளைகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி அவிழ்த்து, சார்ம் குவாக்கின் தாரைகளை ஏனைய தாரைகளுடன் ஒப்பிட்டு, அவ்வொடுக்கத்தை நேரே கண்டதாக வெளியிட்டனர். சக்தி குறைந்த குவாக்கில் அது மேலும் தெளிவாயிருந்தது. கோட்பாடு கூறியதும் அதுவே.

இருவகைத் தாரைகளையும் வகுத்த விதி ஒன்றே. அவிழ்த்த முறையும் ஒன்றே. தாரையை ஆக்கியது வரைவிலக்கணம் மட்டுமெனில், ஒருவகையில் மாத்திரம் உமிழ்வு ஒடுங்கியது எங்ஙனம்? 'வாசிப்பு' எனும் சொல்லைக் கையாளும் நண்பர்கள் அடுத்த மலரிலேனும் இவ்வினாவுக்கு விடை எழுதுவாராக.