ஓப்பனிங் வீடியோ இருக்கா சார்?

பார்சல் உடைந்து வந்திருக்கிறது என்று போன் போட்டால், அந்தப் பக்கமிருந்து வரும் முதல் கேள்வி இதுதான். இல்லை என்றால் கதை முடிந்தது. இன்ஸ்டாகிராமில் புடவை விற்பவர், வாட்ஸ்அப்பில் பாத்திரம் விற்பவர் எல்லாரும் "வீடியோ இல்லையேல் ரிட்டர்ன் இல்லை" என்று ஒட்டி வைத்திருக்கிறார்கள். எந்தச் சட்டத்தில் இருக்கிறதாம் இது? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் இல்லை. 2020 ஜூலையில் வந்த மின் வணிக விதிகளிலும் இல்லை. காசு கொடுத்தவன் கேமராமேன் வேலையும் பார்க்கணும் என்பது இவர்களே போட்டுக்கொண்ட சட்டம்!

வீடியோ நல்ல சாட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் சாட்சி வேறு, நிபந்தனை வேறு. உடைந்த பொருள், நசுங்கிய அட்டைப்பெட்டி, அன்றைக்கே அனுப்பிய போட்டோ, இதெல்லாமும் சாட்சிதானே?

பக்கத்து குவார்ட்டர்ஸ் அத்தை ஊறுகாய் போட மூன்று பீங்கான் ஜாடி வாங்கினார். இரண்டு சில்லு சில்லாக வந்தது. விற்றவர் வீடியோ கேட்டார். "ஒரு கையில கத்தரிக்கோல், ஒரு கையில ஜாடி, போன் பிடிக்க மூணாவது கைக்கு எங்க போவேன்?" என்றார் அத்தை. நியாயமான கேள்வி. விற்றவர் கூரியரைக் கையைக் காட்ட, கூரியர்காரர் "புக் பண்ணினவங்ககிட்டதான் பேசுவோம்" என்று விட்டார். ஜாடிக்கு அப்பா அம்மா யாருமே இல்லை.

பி.காம்.காரர்களுக்கு இந்த இடத்தில் சரக்கு விற்பனைச் சட்டம் 1930 ஞாபகம் வரணும். பிரிவு 39: விற்பவர் சரக்கை வண்டிக்காரரிடம் கொடுத்தாலே, முதல் பார்வையில் அது வாங்குபவரிடம் கொடுத்த மாதிரிதான். கப்பல், ரயில் காலத்து வியாபாரிகளுக்கு எழுதியது. பரீட்சைக்கு இதோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் அதே பிரிவின் அடுத்த உட்பிரிவு, வண்டிக்காரருடன் நியாயமான ஒப்பந்தம் போடவேண்டியது விற்பவர் பொறுப்பு, அதில் கோட்டை விட்டு சரக்கு கெட்டால் வாங்குபவர் 'எனக்கு டெலிவரியே ஆகவில்லை' என்று சொல்லலாம் என்கிறது. பிரிவு 41 இன்னும் ஒரு படி மேலே: பிரித்துப் பார்க்க வாய்ப்பு தராதவரை ஏற்றுக்கொண்டதாகவே ஆகாது. ஓடிபி சொன்னது பெட்டியை வாங்கியதற்கு, பொருளை ஏற்றதற்கு அல்ல.

கூரியர் ரசீதின் பின்னால் எறும்பு சைஸில் அச்சடித்த விஷயத்துக்கு வருவோம். பாரதி நிட்டிங் கம்பெனி, டிஎச்எல் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? கையெழுத்துப் போட்டு அனுப்பிய கம்பெனி, ரசீதில் இருந்த 100 டாலர் வரம்புக்குக் கட்டுப்பட்டது என்று. சரி. ஆனால் நம்ம பார்சலில் அந்த ரசீதை ஒத்துக்கொண்டது யார்? விற்றவர். அவருக்கும் கூரியருக்கும் உள்ள கணக்கு அது. அதைத் தூக்கி அத்தை தலையில் வைப்பது என்ன நியாயம்?

நம்ம சட்டத்துக்கு மாதிரியாக இருந்தது 1893-ம் வருஷத்து ஆங்கிலச் சட்டம். அவர்களே பிறகு மாற்றிக்கொண்டார்கள். 2015-ல் வந்த பிரிட்டன் நுகர்வோர் உரிமைச் சட்டம், பொருள் வாங்குபவர் கைக்கு வரும்வரை ரிஸ்க் கடைக்காரருடையது என்று சொல்லிவிட்டது (கூரியரை வாங்குபவரே ஏற்பாடு செய்தால் மட்டும் வேறு). நம்ம 2020 விதிகள், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. வழியில் உடைந்தது பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அந்த ஓட்டையில்தான் "எங்ககிட்டேருந்து நல்லாத்தான் போச்சு" என்று நுழைகிறார்கள். ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். ஏன் சேர்க்கவில்லை என்பதுதான் என் கோபம்.

அதுவரை சும்மா இருக்கணுமா? 1915-க்கு போன் பண்ணலாம். அதில் நடக்காவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி வழக்கை நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். விற்றவர் சூரத்தில் இருந்தாலும் நெய்வேலிக்காரருக்கு கடலூர்தான். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமே இல்லை. இரண்டு வருஷம் டைம் இருக்கிறது. ஆன்லைனிலும் மனு போடலாம்.

'இருநூறு ரூபாய் ஜாடிக்கு வழக்கா?' என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் அந்த வரியை ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

அத்தையிடம் உடைந்த சில்லைத் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மனுவை நான்தான் எழுதப் போகிறேன்.