நிபுணர் வரும்வரை காத்திருப்பதா?

வளரிளம் பருவத்தினரின் மனநலச் சிக்கல்களை எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்குக் கற்பிப்பது அரைகுறை மருத்துவத்தையே வளர்க்கும், அவற்றை மனநல நிபுணர்களிடமே விட்டுவிட வேண்டும் என்ற வாதம், அந்த நிபுணர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கவே மறுக்கிறது. 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதினரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு லட்சம் பேருக்கு 0.05 மனநல மருத்துவரே இருந்ததாகவும் அதே ஆய்வு கணக்கிட்டது. தீராத தலைவலி, வயிற்றுவலி, தூக்கமின்மை என்று வரும் பிள்ளையை முதலில் பார்ப்பவர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் இளம் மருத்துவரே; மனச்சோர்வு, அதாவது வாரக்கணக்கில் நீடிக்கும் ஆர்வமின்மையும் துயரும், உடல் நோவாகவும் வெளிப்படும் என்பதை அவர் அறியாவிடில் வைட்டமின் மாத்திரையும் ஸ்கேனுமே மிஞ்சும்.

தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்பதே அவ்வெண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை. மாத்திரைகளை அள்ளி எழுதிவிடுவார்கள் என்ற ஐயத்தில் மட்டும் நியாயம் உண்டு: மனச்சோர்வு நீக்கி மருந்துகள் இவ்வயதினர் சிலரிடம் தற்கொலை எண்ணத்தைக் கூட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004இல் எச்சரித்தது. ஆனால் இது பயிற்சிக்கு எதிரான சான்றன்று. பெற்றோரைச் சற்று வெளியே அமர்த்திவிட்டுப் பிள்ளையிடம் தனியே பேசவும், மருந்து, ஆலோசனை, நிபுணரிடம் அனுப்புதல் ஆகியவற்றில் எது எப்போது என்று பிரித்தறியவும் விரிவுரை போதாது, மூத்தவர் மேற்பார்வையில் புறநோயாளர் பிரிவிலேயே பழக வேண்டும் என்பதற்கான சான்றே அது.