யாருக்கு வாசிக்கத் தெரியும்?

பள்ளி இசைக்குழுவிற்கு மாணவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் பெரும்பாலும் கேட்கப்படும் முதல் வினா, "யாருக்கு வாசிக்கத் தெரியும்?" என்பதாகும். வீட்டில் வயலினோ கீபோர்டோ உள்ள பிள்ளைகள் கை உயர்த்துவர். மற்றவர் ஆண்டு விழாவில் கைதட்டும் கூட்டத்தில் அமர்வர். இம்முறை தவறானது. முன்பே கற்றவருக்கு மட்டும் இசைக்குழு இடம் தருமாயின், கல்லாதவர் எங்குச் சென்று கற்பர்?

தென் அமெரிக்க நாடான வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு என்பவர் இவ்வழக்கத்தை மாற்றிக் காட்டினார். பொருளியல் அறிஞரும் இசைக்கலைஞருமான அவர், 1975ஆம் ஆண்டு தலைநகர் கராகஸில் ஒரு வாகனக் கொட்டகையில் இளைஞர் இசைக்குழுவைத் தொடங்கினார். முதல் பயிற்சிக்கு வந்தவர் 11 பேரே. பின்னாளில் 'எல் சிஸ்டேமா' எனப் பெயர் பெற்ற அவ்வியக்கத்தில் இலட்சக்கணக்கான சிறுவர் கட்டணமின்றிப் பயின்றனர். கருவியையும் இயக்கமே கொடுத்து உதவியது. மிகச் சிறிய பிள்ளைகள் அட்டையாலும் காகிதத்தாலும் வயலின் செய்து, அதைத் தோளில் தாங்கவும் வில்லைப் பிடிக்கவும் பழகினர். அதில் ஒலி எழாது. ஆயினும், குழுவாக அமரவும் தம் முறை வரும்வரை காத்திருக்கவும் அப்போதே கற்றுக்கொண்டனர்.

காது கேளாத பிள்ளைகளும் ஒதுக்கப்படவில்லை. 'வெள்ளைக் கைகள்' என்னும் குழுவில் அவர்கள் வெள்ளைக் கையுறை அணிந்து, பாடலைக் கையசைவுகளால் வெளிப்படுத்துவர்; உடன் நிற்போர் குரலால் பாடுவர்.

எல்லாரையும் சேர்த்தால் தரம் குறையும் என்பர் சிலர். தொடக்கத்தில் சுருதி பிசகும் என்பது உண்மையே. எனினும், இவ்வியக்கத்தில் பயின்ற எடிக்சன் ரூயிஸ், டபுள் பாஸ் என்னும் பெரிய தந்திக் கருவியை வாசித்து, இருபது வயது நிறையும் முன்னரே பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவில் இடம்பெற்றார். குஸ்தாவோ துதாமெல் 2009இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் இசை இயக்குநரானார்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. சென்னையில் ஏ. ஆர். ரகுமான் அறக்கட்டளையின் 'சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா' எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மேலை இசையைக் கட்டணமின்றிக் கற்பிக்கிறது.

எல்லாப் பள்ளிகளாலும் நாற்பது வயலின்கள் வாங்க இயலாது. நான்கு இருந்தாலும் முறைவைத்துப் பழகலாம். விழா நாளன்று மட்டும் திறக்கப்படும் இசை அலமாரிகள் பல பள்ளிகளில் உள்ளன. அவற்றை வாரம் இருமுறை திறந்து, இதுவரை வயலினைத் தொட்டே பாராத பிள்ளையிடம் முதலில் கொடுப்பதற்குத் தனி நிதி எதுவும் வேண்டியதில்லை.