மண்டோர் வேலையா மேலாண்மை?

குடிசார் பொறியியல் பட்டப் படிப்பில் சேர்ந்திருக்கும் தமிழ் மாணவனிடம், இறுதியாண்டில் எப்பிரிவைச் சிறப்பாகப் பயிலப் போகிறாய் என்று வினவினால், கட்டமைப்பு வடிவமைப்பு என்பதே பெரும்பாலும் விடையாக வரும். கட்டுமானப் பொறியியலும் மேலாண்மையும் என்று ஒருவன் கூறிவிட்டாலோ, சுற்றியிருப்போர் முகம் சுருங்கும். கணக்கு வராதவன் தேடிக்கொள்ளும் புகலிடம் அது என்பர் சிலர். "பட்டம் வாங்கி மண்டோர் வேலைக்கா போகப் போகிறான்?" என்பர் பெற்றோர்.

இவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது என்பது விளங்காததன்று. தோட்டத்துக் கங்காணியின் குரலையும், சாலை போட்ட கூட்டத்தை விரட்டிய மண்டோரின் அதட்டலையும் கேட்டு வளர்ந்த சமுதாயம், வேலைத்தளத்தில் நிற்பவனை ஐயத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை. இரப்பர் மரத்தடியில் நின்ற தலைமுறை, தன் பிள்ளையை நாற்காலியில் அமர்த்திப் பார்க்க விரும்பியது. அவ்விருப்பத்தைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. ஆனால், அதையே துலாக்கோலாகக் கொண்டு ஒரு கல்வித் துறையை எடைபோடுவது பிழை. வழிகாட்ட வேண்டிய ஆசிரியரும் அதற்குத் தலையசைப்பது அதனினும் பெரும் பிழை.

தமிழ்ப் பள்ளி மாணவர் அனைவரும் அறிந்த கணக்கு ஒன்றுண்டு. ஒரு சுவரை 10 பேர் 6 நாளில் கட்டி முடித்தால், 20 பேர் எத்தனை நாளில் முடிப்பர்? 3 நாள் என்று எழுதியவனுக்கு முழு மதிப்பெண். அவ்வாறாயின் 60 பேருக்கு ஒரே நாள். 600 பேர் வந்துவிட்டால் காலைப் பசியாறி முடிப்பதற்குள் சுவர் எழுந்து நிற்க வேண்டும்! கரும்பலகையில் இதற்குத் தடையில்லை. வேலைத்தளத்தில் அத்தனை பேர் நிற்கவே இடமிராது. கான்கிரீட் எனப் பலரும் வழங்கும் கற்காரையின் 28ஆம் நாள் வலிமையே வடிவமைப்புக்கு அளவாகக் கொள்ளப்படுகிறது. வழக்கமான கலவையில் ஏழாம் நாள் அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே கிட்டும். ஆள் பலத்தைக் கூட்டுவதால் அது விரைந்து இறுகிவிடாது. அடித்தளம் முடியாமல் தூண் எழாது. தூண் எழாமல் உத்திரம் ஏறாது. எவ்வேலை எதற்குக் காத்திருக்கிறது, எந்த ஒரு நாள் தாமதம் முழுக் கட்டடத்தையும் ஒரு நாள் பின்தள்ளும், எது தள்ளாது என்று கணித்தறிய, 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்து வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்துக் கெல்லியும் 'கிரிட்டிகல் பாத்' எனும் முறையை வகுத்தனர். அது கணிதமே. கணக்கு வராதவன் அங்கே புகலிடம் தேடிப் போனால் ஏமாந்துதான் திரும்புவான்.

கோலாலம்பூர் இரட்டைக் கோபுரங்களின் உயரத்தைச் சொல்லாத மாணவரில்லை. 452 மீட்டர் என்று உறக்கத்திலும் ஒப்புவிப்பர். ஆனால் ஒவ்வொரு கோபுரத்தின் அடித்தளப் பலகத்துக்கும் 13,200 கன மீட்டர் கற்காரை, 54 மணி நேரம் இடையறாது ஊற்றப்பட்டது என்பதை எத்தனை பாடத்துணை நூல்கள் கூறுகின்றன? நகரத்தின் நெரிசலினூடே லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர வேண்டும். இரவுக்கு விளக்கு, முறைவேலைக்கு ஆள், பழுதாகும் எந்திரத்துக்கு மாற்று எந்திரம் யாவும் முன்கூட்டியே நின்றிருக்க வேண்டும். வரைபடம் இவற்றுள் ஒன்றையும் செய்து தராது.

கணக்கே தலையாயது என வாதிடுவோர், சிங்கப்பூர் நியூ வோர்ல்டு ஹோட்டலைச் சான்று காட்டக்கூடும். 1986 மார்ச் 15ஆம் நாள் அக்கட்டடம் இடிந்து 33 உயிர்கள் மாண்டன. கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்புக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தனர். இது மறுப்பதற்கில்லை. ஆயினும் அதன்பின் அரசு கண்ட மருந்து யாது? ஒருவர் போட்ட கணக்கை அவரைச் சாராத வேறொரு பொறியாளர் சரிபார்த்தாக வேண்டும் என்னும் ஏற்பாட்டை 1989ஆம் ஆண்டுச் சட்டம் கொணர்ந்தது. யார் கணக்கை யார் பார்ப்பது, யார் கையெழுத்திடுவது என்பதெல்லாம் மேலாண்மையன்றி வேறென்ன?

2004 ஏப்ரல் 20ஆம் நாள் நிக்கல் நெடுஞ்சாலையருகே நிகழ்ந்தது இன்னும் கசப்பானது. எம்.ஆர்.டி. வட்டப் பாதைக்காகத் தோண்டிய, ஏறத்தாழ 30 மீட்டர் ஆழப் பள்ளம் சரிந்து நால்வர் இறந்தனர். தாங்கு சட்டங்களின் இணைப்பை வடிவமைத்ததில் தவறு இருந்தது உண்மையே. ஆனால் அத்தவறு ஓசையின்றி ஒளிந்திருக்கவில்லை. பள்ளத்துச் சுவர்களின் நகர்வு முன்னரே எல்லையைத் தாண்டியது. கருவிகள் அதைக் காட்டின. ஏடுகளில் பதிவும் ஆயிற்று. வேலையை நிறுத்துவதற்கு மாறாக எல்லையை உயர்த்திக்கொண்டு தோண்டுதல் தொடர்ந்தது. அன்று தொழிலாளரை வெளியேற்ற முனைந்த மேற்பார்வையாளர் ஒருவரின் உடல் கடைசிவரை கிட்டவேயில்லை. மண்டோர் வேலை என ஏளனம் செய்வோர் அவரை ஒரு கணம் நினைத்துப் பார்ப்பாராக.

பழி பெற்றோர் மீது மட்டுமன்று. பல்கலைக்கழகங்களிலும் இப்பாடத்தை வரையறைகளின் தொகுப்பாக நடத்தி, மனப்பாடத் தேர்வு வைத்து அனுப்பும் விரிவுரையாளர் உளர். 'திட்ட மேலாண்மையின் ஐந்து பயன்கள் யாவை?' என்று கேட்டால் எந்த மாணவனுக்குத்தான் ஆர்வம் பிறக்கும்? மலேசியா 2009இல் முழு உறுப்பு நாடாகச் சேர்ந்த வாஷிங்டன் உடன்பாடு, பட்டதாரிப் பொறியாளனுக்கு வேண்டிய தகுதிகளுள் திட்ட மேலாண்மையையும் ஒன்றாக வைத்துள்ளது. ஏட்டில் இருப்பதை வகுப்பறைக்குக் கொணர்வதற்கு என்ன தடை?

மாணவர் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. பட்டம் முடிக்குமுன் பல வாரத் தொழிற்பயிற்சி அவர்களுக்குக் கட்டாயம். அப்போதுதான் தெரிந்தவர்களைப் பிடித்து, வெயில் படாத அலுவலகத்தில் இடம் தேடும் படலம் தொடங்குகிறது. தந்தையே தொலைபேசியில் அழைத்து, "பையனை சைட்டுக்கு அனுப்பி விடாதீர்கள்" என்று கேட்டுக்கொள்வதுமுண்டு. பையனும் குளிரூட்டிய அறையில் பழைய வரைபடங்களுக்கு எண் இட்டு நாள்களைக் கழித்துவிட்டு, நற்சான்றிதழோடு வீடு திரும்புகிறான். பள்ளத்தின் விளிம்பில் நின்று சுவரின் நகர்வை நாள்தோறும் அளந்து பதியும் வேலை வேறொரு மாணவனுக்குப் போய்விடுகிறது.