மீண்டும் ஒரு தகடூர் யாத்திரை

மொரப்பூர் ரெயில்வே ஸ்டேஷனிலிருந்து தருமபுரிக்கு ஒரு காலத்தில் சிறிய ரெயில் ஓடிக்கொண்டிருந்தது. 1906-ல் திறக்கப்பட்ட அந்தக் குறுகிய பாதை, உலக யுத்தத்தின் நடுவில், 1941-ல் மூடப்பட்டது. அது சென்று சேர்ந்த தருமபுரியே பண்டைக்காலத் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர். பாதை போனது போலவே, அந்நகரின் வீழ்ச்சியைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ என்னும் நூலும் நம்மை விட்டுப் போய்விட்டது. புறத்திரட்டு முதலியவற்றில் தப்பிப் பிழைத்த சில பாடல்களே இன்று எஞ்சியிருக்கின்றன. பாதுகாக்கத் தவறிய ஜனசமூகம் எதை இழக்கும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை.

இதை இப்பொழுது நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. இலக்கியத்தைப் படிப்பதோடு நில்லாமல், அதன் உலகத்திற்குள்ளேயே புகுந்து நடமாடும் ஒரு சாதனம் தோன்றியிருக்கிறது. வீடியோ விளையாட்டையே குறிப்பிடுகிறோம். சட்ட மறுப்பைப் பற்றித் தோரோ எழுதிய கட்டுரை மகாத்மா காந்தியின் சிந்தனைக்கு வலுவூட்டியதை நமது வாசகர்கள் அறிவார்கள். அதே தோரோவின் ‘வால்டன்’ என்ற நூலைத் தென் கலிபோர்னியா சர்வகலாசாலையில் டிரேசி ஃபுல்லர்டன் என்ற அம்மையாரின் தலைமையில் பல வருஷங்கள் உழைத்து விளையாட்டாக்கி, 2017-ல் வெளியிட்டார்கள். அதில் சுடுவதும் வெட்டுவதும் இல்லை. ஆடுபவர் குடிசை கட்டலாம், விறகு சேர்க்கலாம், காட்டில் உலாவலாம். உழைப்பிலேயே மூழ்கி இயற்கையைப் பாராமல் இருந்தால், அவரைச் சுற்றியுள்ள உலகம் நிறம் மங்கிவிடும். நூலின் உபதேசமே விளையாட்டின் விதியாகிவிட்டது! சீனரோ ‘மேற்குப் பயணம்’ என்னும் தம் பழங்கதையை ஆதாரமாகக் கொண்டு 2024-ல் வெளியிட்ட விளையாட்டு, மூன்றே நாட்களில் 1 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதில் கண்ட புராதனக் கோயில்களை நேரில் தரிசிக்க ஷான்சி மாகாணத்திற்கு ஜனங்கள் திரண்டார்கள்.

“வாலிபர்களைக் கெடுக்கும் சரக்கில் சங்க நூலைக் கலப்பதா?” என்று சிலர் ஆட்சேபிக்கலாம். நாடக மேடையைப் பற்றியும் பெரியோர்கள் ஒரு காலத்தில் இப்படித்தான் முகஞ்சுளித்தார்கள். பின்னர் அதே மேடையே தேசியப் பாட்டுக்களை ஊரூராகக் கொண்டு சென்றது. சாதனத்தில் குற்றமில்லை; அதை யார், எதற்காகக் கையாள்கிறார்கள் என்பதே கேள்வி. நாம் ஒதுங்கி நின்றால் விளையாட்டு நின்றுவிடாது. மொரப்பூர் வாலிபன் தன் கைப்பேசியில் அன்னிய நகரங்களின் வீதிகளையெல்லாம் அறிவான். பக்கத்திலுள்ள தகடூரை அறியமாட்டான்.

தகடூரின் கதை இதற்கு எவ்வளவு பொருத்தமானது என்று பாருங்கள். யுத்தம் நெருங்கிய வேளையில் ஔவையார் தொண்டைமானிடம் தூது செல்கிறார். அவன் தன் ஆயுதசாலையைக் காட்டுகிறான். பளபளக்கும் அந்த ஆயுதங்களைப் புகழ்வது போலவே, அவை களம் காணாதவை என்பதை அவர் உணர்த்துகிறார். இங்கே ஆயுதம் சொல் ஒன்றே. சொல்லைத் தேர்ந்து ஒரு போரை விலக்கும் விளையாட்டை நமது இளைஞர் ஆடட்டும்.

முடிவு விஷயத்தில் மாத்திரம் சமரசம் கூடாது. ஆடுபவன் வென்றே தீரவேண்டும் என்பது வியாபாரிகளின் வழக்கம். தகடூரோ சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையிடம் வீழ்ந்தது. அச்சேரனை அரிசில்கிழார் பதிற்றுப்பத்தில் பாடினார். மாண்ட அதியமானுக்காக ஔவையார் அழுதார். வென்றவனும் தமிழன்; தோற்றவனும் தமிழன். விளையாட்டின் இறுதியில் ஆடுபவன் அதியமானின் நடுகல்லின் முன் மௌனமாக நிற்கவேண்டும். உட்பகையின் விலையை அதைவிட நன்றாக எந்தப் பிரசங்கமும் போதிக்காது.

ஆகவே நாம் கோருவது இது. தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலுள்ள நடுகற்களின் படங்களையும் அளவுகளையும் தொல்லியல் துறையின் வரைபடங்களையும் சர்க்கார் எல்லோருக்கும் இலவசமாக வழங்கவேண்டும். தமிழ்ப் புலவர்களும் கணினி வல்லுநர்களும் சேர்ந்து அமர்ந்து, எது பாட்டில் உள்ளது, எது கற்பனை என்பதை ஆடுபவனுக்கு ஒளிக்காமல் காட்டவேண்டும். பேச்சு தமிழாக இருக்கவேண்டும். ஏழையின் கைப்பேசியிலும் அது ஓடவேண்டும். பொருட்செலவு ஆகும் என்பது மெய்தான். ‘வால்டன்’ விளையாட்டுக்கு அமெரிக்காவின் பொதுநிதியும் உதவியது என்பதை நமது மந்திரிகள் கவனிப்பார்களாக.

ஏட்டில் இருந்த புறநானூற்றை 1894-ல் அச்சுக்குக் கொண்டுவந்தார் உ. வே. சாமிநாதையர். அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவருக்குக் கிட்டாத வசதிகள் அனைத்தும் நமக்கு உண்டு; அவருக்கிருந்த ஊக்கம் உண்டா என்பதே கேள்வி. ஒரு தகடூர் யாத்திரையை இழந்தோம். மற்றொன்றை ஆரம்பிக்க இனியும் தாமதிப்பது நியாயமாகாது.